பன்னாட்டு ஆய்வியல் படிக்க வருகிறவர்களுக்கு: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை

பி.ஏ. வரலாறோ பி.காமோ பி.இ.யோ முடித்துவிட்டு, அடுத்து இன்டர்நேஷனல் ஸ்டடீஸில் முதுகலை படிக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒற்றைப் பாடம் அல்ல. அரசியல், வரலாறு, பொருளாதாரம், சட்டம், புவியியல், கூடவே ஓர் அயல்மொழி என்று ஐந்தாறு துறைகள் ஒரே பட்டத்துக்குள் இருக்கின்றன. காலையில் சர்வதேசச் சட்டம், அப்புறம் உலகப் பொருளாதாரம், மதியம் ஆசிய வரலாறு என்று வகுப்புகள் அடுத்தடுத்து வரும். சட்ட ஆசிரியர் சட்டம் நடத்துவார், பொருளாதார ஆசிரியர் பொருளாதாரம் நடத்துவார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் வேலை மட்டும் எந்த வகுப்பிலும் நடக்காது. அது மாணவர் பொறுப்பு. இதைச் செய்யாதவர்கள் இரண்டு ஆண்டு முடிவில் எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவர்களாக, எதிலும் ஊன்றி நிற்க முடியாதவர்களாக வெளியே வருகிறார்கள். ஆகவே சேர்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலைக்கு வருகிறேன்.

துறை எப்படி வந்தது

முதல் உலகப் போரின் அழிவைப் பார்த்த பிறகு, நாடுகள் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதை முறையாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் பன்னாட்டு அரசியலுக்கென்றே ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார்கள். இந்தியாவில் 1955-இல் டெல்லி சப்ரூ ஹவுஸில் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை, இடைக்காலத் தென்னிந்தியாவின் பொருளாதார நிலை பற்றிச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். பொருளாதார வரலாற்றில் வேரூன்றிய ஒருவர் பன்னாட்டு அரசியல் பள்ளியை நடத்தினார் என்பதிலேயே இந்தத் துறையின் இயல்பு தெரிகிறது. 1970-இல் அந்தப் பள்ளி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான்.

எங்கே சேர்வது, எப்படி விண்ணப்பிப்பது

டெல்லி ஜேஎன்யு பலருடைய முதல் தேர்வு. எந்தப் பாடத்தில் இளங்கலை முடித்திருந்தாலும் பன்னாட்டு ஆய்வைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட அரசியல் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பன்னாட்டு ஆய்வுத் துறை இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்தி ஆய்வுத் துறை உண்டு. ராணுவம், கடல் பாதுகாப்பு பக்கம் ஆர்வமுள்ளவர்களுக்கு அது பொருந்தும். சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் பன்னாட்டு ஆய்வில் முதுகலை இருக்கிறது. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும், கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலும் இதற்கெனத் தனித் துறைகள் உள்ளன. டெல்லியில் இருக்கும் தெற்காசியப் பல்கலைக்கழகம் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகள் சேர்ந்து நடத்துவது. அங்கே பக்கத்து இருக்கையில் நேபாளத்துக்காரரோ பங்களாதேஷ்காரரோ உட்கார்ந்திருப்பார். தெற்காசியாவைப் படிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த வகுப்பறையே ஒரு பாடம்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சமீப ஆண்டுகளில் மார்ச் மாதத்தை ஒட்டி நடக்கிறது. கொள்குறி வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழிவு. தேர்வு எழுதினால் போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். மதிப்பெண் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் வேண்டும். மாநிலப் படிவத்தோடு டெல்லிக்குப் போனால் சேர்க்கை நாளில் அலைச்சல்தான். ஓபிசி பிரிவினர் கிரீமி லேயரில் இல்லை என்ற சான்று நடப்பு நிதியாண்டுக்கு உரியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜேஎன்யுவில் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. செலவெல்லாம் டெல்லியில் தங்குவதற்குத்தான். விடுதி இடம் சேர்ந்த அன்றே கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் சில வாரங்களுக்குத் தெரிந்தவர் வீடோ வாடகை அறையோ ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது.

ஒரு பிரச்சினையைக் கையில் எடுங்கள்

இனி முக்கியமான பகுதி. முதல் பருவம் தொடங்கும் முன்பே ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே அக்கறை இருக்கிற பிரச்சினையாக இருக்கட்டும். ஒவ்வொரு வகுப்பிலும் கற்பதை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு மாணவருக்கு நான் சொல்லும் பிரச்சினை கச்சத்தீவும் பாக் நீரிணையும். எப்படிச் செய்வது என்று அதை வைத்தே காட்டுகிறேன்.

ஒப்பந்த வாசகத்திலிருந்து தொடங்குங்கள். கச்சத்தீவு இலங்கைப் பக்கம் வரும்படி கடல் எல்லையை வரைந்து, 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சில பக்கங்கள்தான். அதைப் பற்றி ஆயிரம் மேடைப் பேச்சு கேட்டிருப்போம், வாசகத்தைப் படித்தவர்கள் குறைவு. அதன் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்கு வந்துபோகலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்கிறது. 6-ஆவது பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. அந்த உரிமைகளில் மீன்பிடி உரிமை உண்டா? பிரிவில் வெளிப்படையாக இல்லை. 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லிவிட்டன. இந்த இரண்டு ஆவணங்களையும் அருகருகே வைத்து, எந்தச் சொல்லில் என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதுதான் உங்கள் சர்வதேசச் சட்டப் பயிற்சி.

அடுத்து அரசியலமைப்பு. மேற்கு வங்க எல்லையில் இருக்கும் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றிய விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம், இந்திய நிலப்பகுதியை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று கருத்துச் சொன்னது. கச்சத்தீவு அப்படிக் கொடுக்கப்பட்ட நிலமா, அல்லது யாருடையது என்று முடிவாகாமல் இருந்த இடத்தில் எல்லைக்கோடு போடப்பட்டதா? மத்திய அரசின் நிலைப்பாடு இரண்டாவது. 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனது முதலாவது வாதத்தோடு. இரு தரப்பின் வாதங்களையும், உங்களுக்குப் பிடிக்காத தரப்பையும் சேர்த்து, அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் எழுதிப் பாருங்கள். எதிர்த் தரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லும் பழக்கம் இந்தப் படிப்பு தரும் பெரிய பயிற்சிகளில் ஒன்று.

பிறகு பொருளாதாரமும் வரலாறும். படகுகள் ஏன் எல்லையைத் தாண்டுகின்றன? 1950-களில் நார்வே உதவியோடு கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய மீன்வளத் திட்டத்திலிருந்து கதையை எடுக்க வேண்டும். விசைப்படகும், அது இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியும் வந்தன, இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது, தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. கடலடியை வாரிக்கொண்டு போகும் மடி இந்தப் பக்கத்துக் கடலின் வளத்தைக் குறைத்தது. 1983-க்குப் பிறகு போர்க் காலத்தில் வட இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போகவே கட்டுப்பாடு இருந்ததால் அந்தப் பக்கத்துக் கடல் படகுகள் இல்லாமல் கிடந்தது; இந்தப் பக்கத்து விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009-இல் போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சிறு படகுகளோடு திரும்பி வந்தபோது அவர்களுடைய வலைகளை ராமேஸ்வரத்து விசைப்படகுகள் அறுத்துக்கொண்டு போயின. 2017-இல் இலங்கை நாடாளுமன்றம் அடிமடி இழுவையைச் சட்டப்படி தடை செய்தது.

இங்கே சற்று நில்லுங்கள். இரண்டு பக்கமும் தமிழ் மீனவர்கள். ஒரு பக்கம் கைதும் சிறையும் படகுப் பறிமுதலும், சில சமயம் உயிரிழப்பும். மறு பக்கம் வலை போன குடும்பங்கள். 'இந்தியாவும் இலங்கையும்' என்று மட்டும் பேசினால் இந்த இரண்டு துயரத்தில் ஒன்று கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். மாநில அரசு, மத்திய அரசு, கொழும்பு அரசு, வடமாகாண மீனவர் சங்கங்கள், ராமேஸ்வரம் விசைப்படகு உரிமையாளர்கள், அந்தப் படகில் கூலிக்குப் போகிறவர்கள் என்று யார் யாருக்கு எதில் நலன் என்பதை ஒரு தாளில் வரையுங்கள். அரசியல் கோட்பாட்டு வகுப்பில் அரசு என்பது ஒரே குரலில் பேசும் அமைப்பு என்று ஒரு சாரார் எடுத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை, உள்ளே பல குரல்கள் மோதுகின்றன என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். உங்கள் தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று சட்டென்று புரியும்.

கச்சத்தீவு வேண்டாம் என்றால் வேறு எடுங்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அப்படியிருக்க மண்டபம் முகாமில் இருக்கும் ஈழத் தமிழருக்கு எந்தச் சட்டம் பாதுகாப்பு? வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளர், செங்கடல் வழியாகப் போகும் சரக்குக் கப்பல், மலேசியத் தோட்டத் தொழிலாளர் வரலாறு எல்லாமே தகும். பிரச்சினை சின்னதாகவும், ஆவணங்கள் கைக்கு எட்டுவதாகவும் இருந்தால் போதும். 'உலக அமைதி' மாதிரி ஒன்றை எடுத்துவிடாதீர்கள்.

எப்படிப் படிப்பது

வாரத்துக்கு நூறு, இருநூறு பக்கம் ஆங்கிலத்தில் படிக்கச் சொல்வார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் மாதத்தில் மிரண்டுவிடுவது இங்கேதான். ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்டுதான் அடுத்த வரிக்குப் போவேன் என்று உட்கார்ந்தால் முடியாது. கட்டுரையின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் படியுங்கள். இவர் என்ன சொல்கிறார், யாரை மறுக்கிறார், என்ன ஆதாரம் காட்டுகிறார் என்ற மூன்று கேள்விக்கு விடை தேடிக்கொண்டு நடுப்பகுதிக்குப் போங்கள். விடைகளைத் தமிழில் அரைப் பக்கம் எழுதுங்கள். தமிழில் சொல்ல முடிகிறது என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆங்கிலச் சொற்றொடர்களை அப்படியே நோட்டில் பார்த்து எழுதுவதால் அந்த நம்பிக்கை வராது. தேர்வுக்கு முன் அந்த அரைப் பக்கங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் விடைத்தாளும் தயார்.

யூடியூபில் புவிசார் அரசியல் பேசுகிறவர்களைக் கேட்பது தவறில்லை. ஆனால் அதைப் படிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு மணி நேரக் காணொளியைவிட, நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு வெளியுறவு அமைச்சகம் எழுத்தில் கொடுத்த ஒரு பக்கப் பதிலில் விஷயம் அதிகம். அந்தப் பதில்களும், அமைச்சகத்தின் ஆண்டறிக்கையும், ஒப்பந்தங்களின் வாசகங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐ.நா. சாசனம் 111 பிரிவுகள்தான். பலப்பிரயோகத்தைத் தடுக்கும் 2(4), தற்காப்பு உரிமையைச் சொல்லும் 51 இரண்டையும் வாசகத்தோடு தெரிந்து வைத்திருங்கள். செய்தியில் வரும் ஒவ்வொரு போரிலும் ஏதோ ஒரு தரப்பு இந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பேசும்.

படிப்புக் குழு அமைக்கும்போது உங்களைப் போன்றவர்களோடு மட்டும் சேராதீர்கள். பொருளாதாரம் படித்து வந்த ஒருவர், சட்டம் படித்து வந்த ஒருவர், இலக்கியமோ வரலாறோ படித்து வந்த ஒருவர் என்று மூன்று நான்கு பேர் போதும்.

பொருளாதாரத்துக்குப் பயப்பட வேண்டாம்

கலைப் பிரிவிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஒதுக்குவது பொருளாதாரத் தாளைத்தான். இதில் தேவைப்படும் கணக்கு பெரும்பாலும் பள்ளிக் கணக்கு. ஒரு நாட்டின் அந்நியச் செலாவணி வரவு செலவு அட்டவணையை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 1991-இல் இந்தியாவின் கையிருப்பு சில வாரங்களின் இறக்குமதிக்கே காணும் என்ற நிலைக்கு வந்தது. ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பெட்ரோல் வரிசையும் பால்பவுடர் தட்டுப்பாடும் அதற்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தன. இந்த இரண்டு ஆண்டுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஒற்றுமை, எங்கே வேறுபாடு என்று பாருங்கள். பாடநூலின் மூன்று அத்தியாயம் அதில் அடங்கிவிடும்.

மொழி

ஒரு பகுதியைப் படிக்கிறோம் என்றால் அந்தப் பகுதியின் மொழி வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. சீனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர் மற்றவர்கள் சீனத்தைப் பற்றி எழுதியதைத்தான் படித்திருக்கிறார். பிரெஞ்சுக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் அலையன்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஜெர்மனுக்குச் சென்னை மாக்ஸ் முல்லர் பவன். சீனம், அரபு, ரஷ்யன் போன்றவற்றுக்கு ஜேஎன்யுவில் மொழிப் பள்ளியே உண்டு. முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். இரண்டாம் ஆண்டில் நேரம் இருக்காது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலங்கையைப் படிக்கப் போகும் தமிழ்நாட்டு மாணவர் சிங்களம் கற்க வேண்டும். கொழும்பு நாளிதழ்கள் என்ன எழுதுகின்றன, அங்கே நாடாளுமன்றத்தில் என்ன பேசுகிறார்கள் என்று நேராகப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. எழுத்து பழகச் சில வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு வாக்கிய அமைப்பு தமிழுக்கு நெருக்கமாக இருப்பதால் ஆங்கிலேயரைவிட நமக்கு எளிது.

ஆய்வேடு

பல இடங்களில் கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். முதல் நாளிலிருந்து ஒரு பிரச்சினையைக் கையில் வைத்திருந்தவருக்கு இது சுமையாக இருக்காது. 'இந்திய இலங்கை உறவுகள்' என்று தலைப்பு எழுதிக்கொண்டு போனால் நல்ல நெறியாளர் திருப்பி அனுப்பிவிடுவார். '1974 ஒப்பந்தம் பற்றிய மக்களவை விவாதங்களில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் முன்வைத்த வாதங்கள்' என்று போனால் உட்கார வைத்துப் பேசுவார். தலைப்பில் காலம், இடம், ஆதாரம் மூன்றும் தெரிய வேண்டும்.

ஆதாரங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் பழைய கோப்புகளைப் பார்க்கலாம். இலங்கைத் தமிழ் இதழ்களுக்கும் நூல்களுக்கும் 'நூலகம்' அறக்கட்டளையின் எண்ணிம (டிஜிட்டல்) தொகுப்பு பெரிய கொடை. ராமேஸ்வரத்திலோ பாம்பனிலோ மீனவர்களிடம் நேரில் பேசப் போகிறீர்கள் என்றால் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போங்கள். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்களும் பேச நேரத்தோடு இருப்பார்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் பெயரை எழுதக் கூடாது. எல்லை தாண்டியதைச் சொன்னவருக்கு உங்கள் ஆய்வேட்டால் வழக்கு வந்துவிடக் கூடாது.

வேலை

இந்தப் பட்டம் இருந்தால்தான் வெளியுறவுப் பணிக்குப் போக முடியும் என்பது தவறான எண்ணம். யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆனால் விருப்பப் பாடமாக அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவுகளையும் எடுக்கிறவருக்கு இரண்டாம் தாள் ஏறக்குறைய இந்தப் படிப்பேதான். யுபிஎஸ்சியை மட்டும் நம்பி மற்ற வழிகளை மூடிவிடாதீர்கள்; அந்தத் தேர்வு சில ஆண்டுகளை விழுங்கக்கூடியது.

சென்னையில் உள்ள துணைத் தூதரகங்களில் உள்ளூர்ப் பணியாளர் இடங்கள் அவ்வப்போது வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கொரிய, ஜப்பானிய நிறுவனங்களில் அந்த மொழி தெரிந்தவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. பத்திரிகை, அகதிகள் நலன், ஏற்றுமதி ஆலோசனை, ஆய்வு மையங்கள் என்று வேறு கதவுகளும் உண்டு. ஆய்வு மையங்களில் பயிற்சி இடம் கேட்டால் பெரும்பாலும் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையை அனுப்பச் சொல்வார்கள். முதல் ஆண்டு முடிவதற்குள் திருத்தித் திருத்தி மெருகேற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று, தமிழ்க் கட்டுரை ஒன்று கைவசம் வைத்திருங்கள். கற்பிக்கும் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் யுஜிசி நெட் தேர்வை முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். வழக்கமாக ஜூன், டிசம்பர் சுற்றுகளாக ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது.